விசைக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று

ஷா ஆலம் செக்‌ஷன் 15, 16 பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஏர் சிலிண்டர் பழகிய பொருள். பெட்டியைத் தள்ளுவது, உதிரிபாகத்தை இறுக்கிப் பிடிப்பது எல்லாம் கம்ப்ரசர் காற்றில் ஓடும் பிஸ்டன்தான். காற்று வரும் வழியில் அழுத்தமானியோடு ஒரு ரெகுலேட்டர் இருக்கும். சிலிண்டரின் வாயிலேயே சின்னதாக ஒரு திருகும் இருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் ஆபத்து.

சின்னத் திருகை முறுக்கினால் பிஸ்டன் மெதுவாக நகரும். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் 50 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனை 5 பார் காற்று தள்ளினால் விசை ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமம். திருகு கட்டுப்படுத்துவது வேகத்தை மட்டும். பிஸ்டன் எதிலாவது முட்டி நின்றால் காற்றோட்டமும் நிற்கும். ஓட்டம் நின்ற இடத்தில் குறுகிய துளையால் அழுத்தத்தைக் குறைக்க முடியாது. அந்த 100 கிலோவும் முட்டிய இடத்தில் வந்து இறங்கும், அது விரலாக இருந்தாலும். விசையைக் குறைக்க ரெகுலேட்டரைத்தான் திருக வேண்டும்.

இந்த இரண்டும் நம் வீட்டுச் சமையலறையிலும் உண்டு. கேஸ் தோம்புக்குள் அழுத்தம் பல பார் இருக்கும். வெயிலுக்கு ஏறும், குளிருக்கு இறங்கும். தோம்பின் தலையில் உள்ள ரெகுலேட்டர் அதைச் சுமார் 30 மில்லிபாருக்கு இறக்குகிறது. ஒரு முழக்கோல் உயரம்கூட இல்லாத நீர் தரும் அழுத்தம்தான் அது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. மேலிருந்து ஸ்பிரிங் அழுத்தும், கீழிருந்து வெளியேறும் கேஸ் தள்ளும். அடுப்பு எரிந்து அழுத்தம் சற்று இறங்கினால் ஸ்பிரிங் சவ்வைத் தாழ்த்தி வழியைத் திறக்கும். அடுப்பை அணைத்தால் அழுத்தம் சற்று ஏறி, சவ்வு உயர்ந்து, வழி தானே மூடிக்கொள்ளும். அடுப்பிலுள்ள குமிழோ வெறும் துளைதான். அதைச் சிறிதாக்கினால் தீ சிறிதாகும். பின்னால் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கெட்டிக்கார ஓட்டக் கட்டுப்பாடும் இருக்கிறது. தண்ணீரை மிச்சப்படுத்தும் சில குழாய்களின் முனையில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அழுத்தம் கூடினால் அது நசுங்கி வழியைக் குறுக்கும், குறைந்தால் தளரும். உயரத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் அடுக்குமாடியில், ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் அழுத்தம் சுமார் 1 பார் கூடும். அப்படியும் மேல்மாடி, கீழ்மாடி இரண்டிலும் வளையம் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர்தான் விடும். ஆனால் குழாயை மூடிவிட்டால் உள்ளே நிற்கும் அழுத்தத்தை அதாலும் தடுக்க முடியாது. அதனால்தான் கீழ்மாடிகளுக்குத் தனியாக அழுத்தக் குறைப்பு வால்வு வைக்கிறார்கள்.

மீ கோரெங் கடைகளில் பெரிய வாணலி அடுப்புக்கு உயரழுத்த ரெகுலேட்டர் பூட்டுவார்கள். தீ நன்றாக வரும் என்று அதை வீட்டு அடுப்புக்கு மாட்டாதீர்கள். வீட்டு அடுப்பும் அதன் ரப்பர் குழாயும் அந்த அழுத்தத்துக்கு ஆனவை அல்ல. ரெகுலேட்டர் வாங்கும்போது, தரச் சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.