கெப் வண்டியின் பின்சில்லுப் பிறேக்கைப் பேணுதல்

பயிரை விளைவித்தல் கமக்காரனின் ஒரு கடமை. விளைந்ததைச் சேதமின்றிச் சந்தைக்குச் சேர்த்தல் மற்றொரு கடமை. கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை ஆகிய மணற்பாங்கான ஊர்களில் விளையும் வெங்காயம், மிளகாய், பீற்றூட், பூசணி முதலியனவும், புத்தளத்தின் உட்பகுதிக் குளங்களின் கீழ் விளையும் நெல்லும் இன்று பெரும்பாலும் கெப் வண்டிகளிலேயே ஏற்றிச் செல்லப்படுகின்றன. தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் செல்லும் இவ்வண்டிகளின் எஞ்சினையும் ரயரையும் கவனிக்கும் நாம், பின்சில்லுப் பிறேக்கைக் கவனிப்பது அரிது. அது டிரம்முக்குள் மறைந்திருப்பதால் அதன் பழுதும் மறைந்தே வளர்கின்றது. ஆகவே அதன் இயல்பையும் பேணும் முறையையும் இங்கு விளக்குவாம்.

கண்ணாற் கண்ட ஒரு விபத்து

சில ஆண்டுகளுக்கு முன், வெங்காய மூடைகள் ஏற்றிய ஒரு கெப் வண்டியின் முன்னிருக்கையில் இதை எழுதுபவரும் அமர்ந்து சென்றார். பின்னால் மூடைகளின் மேல் கூலியாட்கள் நால்வர் இருந்தனர். கற்பிட்டி வீதி கொழும்பு வீதியைச் சந்திக்கும் பாலாவிச் சந்தியை அணுகியபோது சாரதி பிறேக்கை மிதித்தார். மிதி வழமையிலும் ஆழமாக இறங்கிற்று. வண்டியின் வேகம் தணிந்ததேயன்றி வண்டி நிற்கவில்லை. கைப்பிறேக்கை இழுத்தும் பயனில்லை. சாரதி வண்டியை வீதியோர மணலில் இறக்கியதால் எதிரே வந்த பேருந்தில் மோதாது தப்பினோம். ஆயினும், மூடையோடு கீழே விழுந்த ஓர் இளைஞரின் கால் முறிந்தது. அந்தப் போகம் முழுவதும் அவர் தோட்டத்துக்குத் திரும்பவில்லை.

பின்சில்லுகளைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. வலப்புறத்தில் அச்சின் ஒயில் சீல் கசிந்து, பிறேக் சூ இரண்டும் எண்ணெயில் ஊறியிருந்தன. இடப்புறத்தில் இடைவெளியைச் சரிசெய்யும் திருகு துருப்பிடித்து இறுகியதால், சூ தேயத் தேய அதற்கும் டிரம்முக்குமிடையே இடைவெளி அகன்றிருந்தது. இணைத்த மாடுகளில் ஒன்று நுகத்தில் பேருக்கு நிற்க மற்றது மட்டும் இழுத்தாற்போல, முன் பிறேக்கே நெடுநாளாக வேலை செய்து வந்திருக்கின்றது. “நேற்று வெறும் வண்டியில் நன்றாகத்தானே நின்றது” என்றார் உரிமையாளர். அவர் கூறியது உண்மையே. ஆபத்தும் அதிலேயே இருந்தது.

வெறும் வண்டியில் பழுது தெரியாததேன்?

பெரும்பாலான கெப் வண்டிகளில் முன்சில்லுக்குத் தட்டுப் பிறேக்கும் பின்சில்லுக்கு டிரம் பிறேக்கும் உள்ளன. மிதியை அழுத்தும்போது பிறேக் ஒயில் வீல் சிலிண்டருக்குச் சென்று, வளைந்த இரு சூக்களையும் வெளியே தள்ளும். அவை சுழலும் டிரம்மின் உட்புறத்தில் உராய்ந்து வண்டியை நிறுத்தும். கைப்பிறேக்கின் கம்பியும் பெரும்பாலும் இதே சூக்களையே இழுக்கின்றது. ஆதலால் சூ எண்ணெயில் நனைந்தால் காற்பிறேக்கும் கைப்பிறேக்கும் ஒருங்கே கெடும்.

பிறேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாயும். வெறும் வண்டியில் பின்புறம் மிக இலேசாவதால் பின்பிறேக்குக்கு வேலை குறைவு. பாரம் ஏற்றியபின் நிலைமை மாறுகின்றது. 1,500 கிலோ நிறையுள்ள வண்டியில் 50 கிலோ மூடைகள் 20 ஏற்றினால் மொத்த நிறை 2,500 கிலோவாகும். வெறும் வண்டியை மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதிலும், இவ்வாறு பாரமேற்றிய வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தியைப் பிறேக்குகள் உறிஞ்ச வேண்டும். அதில் ஒரு கணிசமான பங்கு பின்சில்லின் மேலுள்ள பாரத்தினால் வந்தது. எனவே வெறும் வண்டியில் செய்யும் சோதனை பின்பிறேக்கைச் சோதிப்பதாகாது. நம் குடாநாட்டுப் பாதைகள் சமதரையாய் இருப்பதும் இப்பழுதை மறைக்கின்றது.

பழுதுக்குரிய காரணங்கள்

1. உப்புக்காற்று: களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் ஊர்களில் உப்பு ஈரம் எங்கும் படிகின்றது. சரிசெய்யும் திருகு, வீல் சிலிண்டர், கைப்பிறேக் கம்பி, பின் அச்சின் மேற் செல்லும் உலோகக் குழாய் ஆகியன துருப்பிடிக்கும். துருவேறிய குழாய் மிதியைப் பலமாக அழுத்தும் வேளையில் வெடிக்கவுங் கூடும்.

2. சேறும் நீரும்: வயற்கரையிலும் வாய்க்காலிலும் இறங்கும் வண்டியின் டிரம்முக்குள் சேறு புகும். நனைந்த சூ சிறிது தூரம் பிடிக்காது. மணல் புகுந்தால் சூவும் டிரம்மும் விரைவில் தேயும்.

3. நீர் கலந்த பிறேக் ஒயில்: பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகையின் கொதிநிலை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் சேர்ந்தபின் அது 140 பாகையளவுக்கு இறங்கலாம். சூடேறிய பிறேக்கில் ஒயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கிவிடுமாதலால் மிதி அடிவரை இறங்கிவிடும்.

4. மிதமிஞ்சிய பாரமும் கூடுதல் வில்லுத் தகடும்: சில வண்டிகளில் பின் அச்சுக்கும் சட்டத்துக்குமிடையே பாரத்தை உணரும் வால்வு ஒன்று உண்டு. பாரத்தால் பின்புறம் தாழும்போது அது பின்பிறேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பாரம் தாங்குவதற்கென வில்லுத் தகடுகளைக் கூட்டினால் பின்புறம் தாழ்வதில்லை. வால்வோ வண்டி வெறுமையாயுள்ளதெனக் கொண்டு பின்பிறேக்கைக் குறைத்துவிடும். பாரம் மிகுந்த நாளில் பின்பிறேக்கு மெலிகின்றது. தகடு கூட்டியோர் இவ்வால்வைத் தேர்ந்த திருத்துநரிடம் காட்டிச் சரிசெய்தல் வேண்டும்.

5. வண்டியின் முதுமை: 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025-ஆம் ஆண்டிலேயே மீண்டும் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையே ஓட்டவும், விலையேறிய உதிரிப்பாகங்களை மாற்றாது தள்ளிப்போடவும் பலர் நேர்ந்தது. அவ்வாறு தள்ளிப்போட்டவற்றை இனியேனும் பார்த்தல் வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

பாரமேற்றும் ஒவ்வொரு நாளும் காலையில் பின்வருவனவற்றைப் பார்க்க. கால் மணி நேரமும் செல்லாது.

(அ) பிறேக் ஒயில் மட்டம் இரு கோடுகளுக்கிடையே உள்ளதா? குறைந்திருந்தால் ஊற்றுவதோடு அமையாது காரணத்தைத் தேடுக.

(ஆ) எஞ்சின் ஓடுகையில் மிதியை அழுத்திப் பிடிக்க. அது மெல்ல மெல்லக் கீழிறங்கினாலும், பஞ்சுபோல் அமுங்கினாலும் வண்டியை எடுக்கலாகாது.

(இ) பின்சில்லுகளின் உட்புறத்தில் ஈரமோ எண்ணெய்க் கசிவோ உண்டா என நோக்குக.

(ஈ) பாரமேற்றிய பின், ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிக் கைப்பிறேக்கை இழுத்துப் பார்க்க. வண்டி நில்லாவிடின் பின்பிறேக்கு நம்பத்தக்கதன்று.

(உ) சில கிலோமீற்றர் ஓடியபின் இரு பின்சில்லுகளின் அருகிலும் கையைத் தொடாது காட்டுக. ஒன்று கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால், ஒன்று இறுகியுள்ளது அல்லது மற்றது வேலை செய்யவில்லை என அறிக.

கராஜில் செய்விக்க வேண்டியவை

பெரும்போக, சிறுபோக அறுவடைகளுக்கு முன் ஆண்டுக்கு இருமுறை டிரம்மைக் கழற்றிப் பார்ப்பித்தல் நம் கடற்கரையோர வண்டிகளுக்கு நன்று. சூவின் உராய்படை 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்தால் மாற்றிவிடுக. வண்டியின் கைந்நூல் கூறும் அளவு இதனின் மிகுதியாயின் அதனையே கொள்க. ஒரு புறத்தை மாத்திரம் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாதலால் இருபுறமும் ஒருங்கே மாற்றல் வேண்டும். எண்ணெயில் ஊறிய சூவை மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் பூட்டுவது பயனற்ற சிக்கனம். எண்ணெய் உராய்படைக்குள் ஊறியே இருக்கும். பல டிரம்களின் மேல் உச்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவுக்கு மேல் கடைந்த டிரம்மை ஏற்கலாகாது. பிறேக் ஒயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை முற்றாக மாற்றுக. அதற்குப் பதிலாக எஞ்சின் ஒயிலை ஒருபோதும் ஊற்றற்க. றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு எல்லாப் பிறேக்கும் ஒருசேரச் செயலிழக்கும்.

பழைய உராய்படைகளில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். டிரம்மின் தூசைக் காற்றால் ஊதாது ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுக.

ஓட்டும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கை

நீரில் இறங்கி ஏறியபின் மெதுவாக ஓட்டி, பிறேக்கைச் சிலமுறை இலேசாக அழுத்திச் சூவை உலர்த்துக. எரிபொருளை மிச்சம் பிடிக்கவென எஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிடலாகாது. எஞ்சின் நின்றால் ஓரிரு அழுத்தங்களுக்குப் பின் மிதி கல்லாய் இறுகும். ஓடுகையில் பிறேக்கு தவறினால் மிதியை விட்டுவிட்டு விரைவாகப் பலமுறை மிதிக்க; கியரை ஒவ்வொன்றாகக் குறைக்க; கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க; ஒலியெழுப்பி, வீதியோர மணற்பாங்கான இடத்தை நாடுக. மூடைகளின் மேல் ஆட்களை ஏற்றுவதை அறவே விடுக. பிறேக்கு எத்துணை நன்றாயிருப்பினும் மூடை சரிந்தால் அவர்களுக்குப் பிடிமானம் இல்லை.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் கமக்காரருக்குப் புதிதன்று. அடுத்த அறுவடைக்கு மூடைகளைத் தைக்கத் தொடங்குமுன் ஒரு நாளை ஒதுக்கி, வண்டியின் இரு பின்டிரம்களையும் திறப்பித்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அன்றைய கூலி வீணாகாது.