கணிப்பொறிக்குச் சொல் கற்பித்த ஆசிரியை



கணிப்பொறி தானாகவே சிந்திக்கும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின்படிதான் அது இயங்குகிறது. அந்தக் கட்டளை வரிசைக்கு நிரல் என்று பெயர். நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட முன்னோடிகளுள் ஒருவரான கிரேஸ் ஹாப்பர் என்னும் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி இன்று பேசுவோம்.

1906-இல் நியூயார்க்கில் பிறந்த ஹாப்பர், வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்தார். 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் பெரிய கணக்கிடும் இயந்திரத்திற்கு நிரல் எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. 1949-இல், பிலடெல்பியாவில் யூனிவாக் கணிப்பொறியை உருவாக்கிவந்த எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே அந்நிறுவனத்தை, தட்டச்சுப்பொறிக்குப் பேர்போன ரெமிங்டன் ராண்ட் வாங்கிக்கொண்டது.

அக்காலத்தில் நிரல்கள் எண்களும் குறிகளுமாகவே இருந்தன. ஒருவர் எழுதிய பகுதியை இன்னொருவர் நோட்டைப் பார்த்துப் படி எடுப்பார். தொல்லை அங்கேதான். கையால் எழுதிய ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து, படி எடுப்பவர் கையில் 13 ஆகிவிடும்! பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும் நமக்கு இது புதிதல்ல. இந்த வேலையை இயந்திரத்திடமே விட்டால் என்ன என்று ஹாப்பர் எண்ணினார். அடிக்கடி தேவைப்படும் பகுதிகளை நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார். அந்த எண்ணைக் குறிப்பிட்டால், கணிப்பொறியே பகுதிகளைத் தேடி எடுத்து, கோத்து, முழு நிரலாக்கித் தரும். 1952-இல் இது இயங்கியது. ஆனால், கணிப்பொறிக்குக் கணக்குத்தான் வரும், நிரல் எழுத வராது என்று சொல்லி அதைத் தொடவே மறுத்தார்கள்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் பார்ப்பவர்களுக்குக் குறிகள் பிடிப்பதில்லை என்பதைக் கவனித்தார். நம் கிராணியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். செக்ரோலில் பேர் நாளை எண்ணிக் கூலியைப் போட்டுவிடுவார். அதையே அல்ஜிப்ராவில் எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஆகவே ‘படி’, ‘எழுது’, ‘ஒப்பிடு’, ‘நிறுத்து’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிட வழி செய்ய விரும்பினார்.

மேலதிகாரிகளுக்கு ஒரு சிறிய நிரலை ஆங்கிலச் சொற்களில் இயக்கிக் காட்டினார். பிறகு அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் காட்டினார். அவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள். அமெரிக்காவில் செய்த பொறிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படி விளங்கும்? உண்மையில் அதற்கு ஆங்கிலமும் விளங்காது! எந்தச் சொல்லுக்கு எந்தச் செயல் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் போதும். ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியில் எழுதமாட்டோம் என்று சமாதானம் சொல்லவே நான்கு மாதம் ஆயிற்று என்று பின்னாளில் அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

அப்படிப் பிறந்ததுதான் ஃபுளோ-மேட்டிக் என்னும் கணிப்பொறி மொழி. 1959-இல் பல நிறுவனங்களும் அரசாங்கமும் கூடிக் கோபால் என்னும் பொதுமொழியை வகுக்கத் தொடங்கியபோது, அதற்குப் பெரிதும் துணைநின்றது ஃபுளோ-மேட்டிக்தான். (நம் ஊர்க் கோபாலுக்கும் இதற்கும் உறவில்லை!) சிலர் ஹாப்பரைக் கோபாலின் தாய் என்கிறார்கள். அதை எழுதியது ஒரு குழு, அவர் ஆலோசகர். பாட்டி என்றால் பொருந்தும்.

1986-இல், 79 வயதில், கடற்படையிலிருந்து தளபதி நிலையில் ஓய்வு பெற்று, 1992 புத்தாண்டு அன்று காலமானார். கோபாலில் எழுதிய நிரல்கள் இன்றும் பல வங்கிகளில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.