வெளிநாட்டில் முதல் நாள்: பிள்ளை அழுதால் வீடு என்ன செய்ய வேண்டும்?

படிக்க வெளிநாடு போகும் ஒரு பிள்ளையை வழியனுப்ப, ஒரு வேன் நிறைய ஆட்கள் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு வருவது பினாங்கில் வழக்கமான காட்சி. நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டக் குடும்பமானாலும் ஜோர்ஜ்டவுன் அடுக்குமாடிக் குடும்பமானாலும் அன்றைய பேச்சு ஒன்றுதான். பெட்டி எத்தனை கிலோ? கடப்பிதழ் பத்திரமா? போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு.

அந்தப் போன் வரும்போதுதான் சிக்கலும் வருகிறது. "ம்மா, எனக்கு இங்க இருக்க முடியல, நான் வந்துடுறேன்" என்று பிள்ளை அழுதால், இ.பி.எஃப் சேமிப்பை எடுத்து, நகையை அடகு வைத்து அனுப்பிய வீட்டில் அன்றிரவு யாரும் தூங்குவதில்லை. தெரியாத்தனமாக அனுப்பிவிட்டோமோ என்று அம்மா கலங்குகிறார். இவ்வளவு செலவு செய்த பிறகு இப்படிப் பேசுகிறானே என்று அப்பா கோபப்படுகிறார். இரண்டுமே அந்த ஒரு நாளைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருபவை.

தேனிலவு என்ற நம்பிக்கை

வெளிநாட்டு வாழ்க்கை முதலில் இனிக்கும், சில வாரங்கள் கழித்துத்தான் கசக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இது வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. 1955இல் நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று வந்த தம் நாட்டவரை ஆராய்ந்து ஏறக்குறைய இதையே எழுதினார். 'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற சொல்லைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க், 1960இல் வெளியான தம் கட்டுரையில் முதல் கட்டத்தைத் தேனிலவு என்றே அழைத்தார்.

பின்னாளில் இது கேள்விக்குள்ளானது. கொலீன் வார்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த 35 ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் ஒரு முறை, பிறகு 4, 6, 12 மாதங்களில் ஒவ்வொரு முறை என்று அவர்களின் மனநிலை அளக்கப்பட்டது. மனச்சோர்வும் புது இடத்தில் நடந்துகொள்ளத் தெரியாத திண்டாட்டமும் மிக அதிகமாக இருந்தது வந்திறங்கிய அந்த முதல் கட்டத்தில்தான். தேனிலவைக் காணவில்லை.

இது சிறிய ஆய்வு; எல்லாப் பிள்ளைக்கும் இதையே அளவுகோலாக வைக்க முடியாது. ஆனாலும் பெற்றோருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. முதல் நாள் அழுகை தோல்வியின் அறிகுறி அல்ல. பெரும்பாலும் அதுதான் பள்ளத்தின் அடி. மேலே ஏறும் படிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

உடம்பின் கடிகாரம்

மனம் மட்டுமல்ல, உடம்பும் அன்று ஒத்துழைக்காது. இங்கிலாந்தில் வகுப்புகள் தொடங்கும் செப்டம்பர் மாதத்தில் அந்நாட்டு நேரம் நம்மைவிட 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே இரவு 9 மணிக்குப் பிள்ளை பேசும்போது, அதன் உடம்புக்கு விடியற்காலை 4 மணி. அந்த நேரத்தில் யாரை எழுப்பிப் பேசச் சொன்னாலும் குரல் உடைந்துதான் வரும். உடம்பின் கடிகாரம் புது நேரத்துக்கு மாறுவது சுமாராக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான். பகலில் வெளிச்சத்தில் நடப்பதும் அந்த ஊர் இரவு வரும்வரை விழித்திருப்பதும் அதற்கு உதவும்.

சென்னைக்குப் போனால் வித்தியாசம் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் அங்கே வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. தமிழ் பேசும் ஊர்தானே என்று நம்பிப் போகும் பிள்ளை, 'பசியாற எங்கே போகலாம்?' என்று கேட்டால் எதிரில் நிற்பவர் ஒரு கணம் யோசிப்பார். அங்கே அது டிபன். நம் மொழிதான், ஆனால் நம் பேச்சு இல்லை. அந்தச் சின்ன இடைவெளியும் முதல் நாளில் பெரிதாகத் தெரியும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இன்னொன்றும் உண்டு. நாலு பேரோடு ஒரே அறையில் படுத்துப் பழகிய பிள்ளைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தூங்கும் முதல் இரவாகவும் அது இருக்கலாம்.

கப்பல் காலத்தில் எப்படி?

பினாங்குப் பிள்ளைகள் கடல் கடந்து படிப்பது இன்று நேற்று வந்ததல்ல. 1879இல் இங்கே பிறந்த வூ லியன் தே, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர். 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று 17 வயதில் கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரிக்கு மருத்துவம் படிக்கப் போனார். மஞ்சூரியாவில் 1910-11இல் பரவிய நுரையீரல் பிளேக் நோயைக் கட்டுப்படுத்தி உலகப் புகழ் பெற்றவர் இவரே.

தமிழ்நாட்டுக்குப் போனவர்களுக்கு 'ரஜூலா' கப்பல் இருந்தது. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் பினாங்கு, நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களைப் பல பத்தாண்டுகள் இணைத்தது. அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலின் ஓட்டம் 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு நின்றது.

கப்பல் பயணம் சுகமானது அல்ல. ஆனால் அதில் இரண்டு நன்மைகள் இருந்தன. பல நாட்கள் மெதுவாக நகர்ந்ததால் உடம்பு நேர மாற்றத்துக்குப் பழகிவிடும். இறங்குவதற்குள் கூடப் பயணித்த சிலராவது தெரிந்தவர்கள் ஆகிவிடுவார்கள். இதைவிட முக்கியமானது கடிதம். முதல் நாள் அழுததைக் கடிதத்தில் எழுதினாலும், அது வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளை அந்த அழுகையைத் தாண்டியிருக்கும். இன்று கைப்பேசி அந்த முதல் நாளை அப்படியே வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பிள்ளையின் மோசமான ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு, அதுவே மூன்று ஆண்டு வாழ்க்கை என்று வீடு நினைத்துவிடுகிறது.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

வேலை கொஞ்சமாக இருக்கட்டும். படுக்க இடம், ஒரு வேளைச் சூடான சாப்பாடு, இயங்கும் சிம் கார்டு, வந்து சேர்ந்த தகவல். இந்த நான்கும் முடிந்தால் முதல் நாள் வெற்றிதான்.

மற்றவற்றுக்கு அவகாசம் உண்டு, ஆனால் கெடுவை மறக்கக்கூடாது. இந்தியாவில் 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போகிறவர்கள் 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையம் வழியாகச் செய்யலாம். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருப்பதும் நினைவில் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் தங்கும் முகவரியை 7 நாட்களுக்குள் கல்வி நிலையத்திடம் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் முதல் வாரத்திலேயே அருகிலுள்ள மருத்துவரிடம் பெயர் பதிந்துகொள்வது நல்லது. காய்ச்சல் வந்த பிறகு தேடக்கூடாது.

அம்மா கட்டிக்கொடுக்கும் நெத்திலிக்கும் மசாலாத் தூளுக்கும் ஓர் எச்சரிக்கை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் உணவுப் பொருளை வருகைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அபராதம், விசாவுக்கே சிக்கல் வரலாம்.

வீட்டில் இருப்பவர்கள்

பிள்ளை அழுதால் முதலில் கேளுங்கள். "அழாதே, எவ்வளவு செலவு பண்ணியிருக்கோம் தெரியுமா?" என்ற ஒரு வரி போதும், அடுத்த முறை பிள்ளை உண்மையைச் சொல்லாது. "உடனே டிக்கெட் போடுறேன், வந்துடு" என்பதும் அதே அளவு ஆபத்து. களைப்பில் வந்த ஒரு பேச்சை அது முடிவாக மாற்றிவிடும். "சாப்பிட்டியா? முதல்ல தூங்கு, நாளைக்குப் பேசுவோம்" என்பது முதல் நாளுக்குப் போதுமான பதில்.

சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளுக்கு ஆள் அழைப்பதையும் அன்று தவிர்க்கலாம். ஒருவர் பேசி மற்றவர்களுக்குச் சொன்னால் போதும். திரும்பி வருவதா இல்லையா என்ற பேச்சை ஒரு மாதம் தள்ளி வைப்பதாக, புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எப்போது கவலைப்பட வேண்டும்? சில வாரங்கள் கழிந்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றால் அது முதல் நாள் அழுகை அல்ல. பல்கலைக்கழகத்தின் ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்கச் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது. அப்படியொரு நிலையில் பிள்ளை வீடு திரும்பினால் அது அவமானமும் அல்ல. ஆனால் அதை முதல் இரவிலேயே முடிவு செய்ய வேண்டியதில்லை.