வெட்டவெளி அச்சம்

வெட்டவெளி அச்சம் அல்லது அகோராபோபியா என்பது, எளிதில் வெளியேறவோ உதவி பெறவோ இயலாது எனத் தோன்றும் இடங்களைக் குறித்து ஒருவருக்கு ஏற்படும் மிகையான அச்சம் ஆகும். இது பதற்றக் கோளாறுகளுள் ஒன்று.

பெயர்

'அகோரா' என்னும் கிரேக்கச் சொல் சந்தையையும் மக்கள் கூடும் பொதுவிடத்தையும் குறிக்கும். செருமானிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் 1871 இல் இந்நோயை இப்பெயரால் விவரித்தார். பெயர் வெட்டவெளியைச் சுட்டினாலும், மூடிய அரங்கமும் இவ்வச்சத்தைத் தூண்டக்கூடும்.

அறிகுறிகள்

பொதுப் போக்குவரத்து, திறந்த வெளி, மூடிய இடம், வரிசை அல்லது கூட்டம், வீட்டிற்கு வெளியே தனித்திருத்தல் ஆகிய ஐந்து சூழல்களுள் இரண்டிலேனும் அச்சம் தோன்றி, பொதுவாக ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்தால் இந்நோய் எனக் கருதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, கூடலூரிலிருந்து உதகமண்டலம் செல்லும் நெரிசலான பேருந்தில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே இறங்க இயலாதே என்ற எண்ணமே படபடப்பு, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றை உண்டாக்கலாம். நோயாளி முதலில் பேருந்தையும், பிறகு கடைத்தெருவையும், இறுதியில் வாசற்படியையும் தவிர்க்கத் தொடங்குவார்.

பெண்களும் இந்நோயும்

இது ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. வேலைக்குச் செல்லும் ஒருவர் வெளியே வராவிட்டால் அது உடனே தெரிந்துவிடும். வீட்டிலிருப்பதே பெண்ணுக்கு இயல்பு என்று கருதும் குடும்பங்களிலோ, இந்நோய் அடக்கம் என்றோ கூச்சம் என்றோ தவறாகக் கொள்ளப்பட்டு, நெடுங்காலம் கவனிக்கப்படாமல் போகக்கூடும்.

சிகிச்சை

இந்நோய்க்குப் பயனுள்ள சிகிச்சைகள் உள்ளன. அஞ்சும் சூழலைச் சிறுசிறு படிகளாக எதிர்கொள்ளப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், தேவைப்படின் மருந்துகளும் அளிக்கப்படுகின்றன. வீட்டைவிட்டு வெளியேற இயலாதவர்களுக்குத் தொலைபேசி ஆலோசனை உதவியாக அமையும். இந்திய அரசு 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பெறலாம்.

கலைகளில்

மேடை நகைச்சுவை நாடகங்களால் புகழ்பெற்ற கிரேசி மோகனின் வசனத்தில் 2000 இல் வெளிவந்த தெனாலி, எண்ணற்ற அச்சங்கள் கொண்ட இலங்கைத் தமிழர் ஒருவரை நாயகனாகக் கொண்ட நகைச்சுவைத் திரைப்படமாகும். இதில் கமல்ஹாசன் நடித்தார். 2016 இல் வெளிவந்த போபியா என்னும் இந்தித் திரைப்படத்தில், வெட்டவெளி அச்சத்தால் வீட்டிற்குள் முடங்கும் ஓவியராக ராதிகா ஆப்தே நடித்தார். தெனாலி தன் அச்சங்களை எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்கிறான். நகைச்சுவை அதிலிருந்தே பிறக்கிறது. உண்மையில் நோயாளிகள் பலர் அச்சத்தை மறைத்து, வெளியே செல்லாமலிருக்க வேறு காரணங்களைக் கூறுவர்.