ஓடுபாதையும் தீர்மான வேகமும்

ஆகாய விமானம் நிலத்தைவிட்டு எழுமுன் ஓடுபாதையில் விரைந்தோடும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவேயாம். அவ்வோட்டத்தின்போது இயந்திரம் ஒன்று பழுதுபட்டால் நிறுத்துவதா, அன்றி மேலெழுவதா? இவ்வினாவுக்கு விடையாக முன்கூட்டியே கணித்துவைக்கும் எல்லையைத் தீர்மான வேகம் என்பர். விமானத்தின் பாரம், ஓடுபாதையின் நீளம், காற்று, வெப்பநிலை முதலியவற்றைக் கொண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் அது தனித்தனியே கணிக்கப்படும்.

அவ்வேகத்தை அடையுமுன் பழுது தோன்றின் நிறுத்தலாம். எஞ்சிய பாதை அதற்குப் போதும். அடைந்தபின் தோன்றின் மேலெழல் வேண்டும். ஓர் இயந்திரம் ஓய்ந்தாலும் எஞ்சியது விமானத்தை உயர்த்த வல்லது. இவ்விதியின் காரணம் பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்ததே. ஓடும் பொருளின் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். வேகம் இருமடங்காயின், தடுப்புகள் தணிக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும். ஆகவே, எல்லையைக் கடந்தபின் நிறுத்தலாகாது என்பது விமானிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்றப்படுகின்றது.

எனினும், அவ்விதி ஒன்றை முன்னரே கொண்டு நிற்கின்றது: விமானம் பறக்கவல்லது என்பதே அது. பறக்கமாட்டாத விமானத்தில் விமானி யாது செய்வார்?

2017 மார்ச் 8ஆந் திகதி, அமெரிக்காவில் டிற்றோயிற் நகருக்கு அண்மையிலுள்ள வில்லோ ரன் விமான நிலையத்தில் இவ்வினா எழுந்தது. மிச்சிக்கன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துக் குழுவினர் போட்டியொன்றுக்காக வாஷிங்டன் செல்லவிருந்தனர். எம்.டி.-83 வகையைச் சேர்ந்த அவ்விமானத்தில் 116 பேர் இருந்தனர். அன்று பெருங்காற்று வீசியது. பெரிய விமானக் கொட்டகையொன்றின் அருகே அவ்விமானம் நின்றிருந்தது. கொட்டகையில் மோதிச் சுழன்ற காற்று, வாலின் வலப்புறத்து உயர்த்தியை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளிச் சிக்கவைத்துவிட்டது. உயர்த்தி என்பது விமானத்தின் மூக்கை மேலெழச் செய்யும் அசையும் பலகை.

புறப்படுமுன் விமானிகள் கட்டுப்பாடுகளைச் சோதித்தே பார்த்தனர். ஆயின், அவ்வகை விமானத்தில் விமானியின் பிடி உயர்த்தியை நேரே அசைப்பதில்லை. அதன் விளிம்பிலுள்ள சிறு தகட்டையே அசைக்கும். ஓட்டத்தில் எழும் காற்றே பின்னர் உயர்த்தியை அசைக்கும். ஆதலின், நிலத்தில் நின்றபோது பிடி வழக்கம்போல் இயங்கிற்று, பழுது புலப்படவில்லை. உயர்ந்த வாலும் விமானிகளின் கண்ணுக்கு எட்டாதது.

அன்றைய தீர்மான வேகம் மணிக்கு ஏறக்குறைய 160 மைல். அதனைக் கடந்து மூக்கை உயர்த்தவேண்டிய வேளையில் ஓட்டியவர் பிடியை இழுத்தார், மூக்கு எழவில்லை. மேலும் இழுத்தார், பயனில்லை. உடனே நிறுத்தத் துணிந்தார். வேகம் 200 மைலை நெருங்கியிருந்தது. தணிக்கவேண்டிய சக்தியோ தீர்மான வேகத்தில் இருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு. பாதையின் முடிவை ஏறக்குறைய 115 மைல் வேகத்திற் கடந்த விமானம், வேலியை உடைத்து, வீதியொன்றைத் தாண்டிப் புற்றரையில் நின்றது. அனைவரும் உயிர்தப்பினர்; ஒருவர் மாத்திரம் சிறு காயமடைந்தார். மறுநாள் வாஷிங்டன் சேர்ந்த குழுவினர், பயிற்சி உடையிலேயே ஆடி வென்று, ஈற்றில் அப்போட்டித் தொடரின் வெற்றிக் கிண்ணத்தையும் பெற்றனர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2019இல் வெளியிட்ட அறிக்கை, உயிர்கள் தப்பியமைக்கு மூன்று காரணங்களைக் காட்டிற்று. முதலாவது, ஓட்டியவர் காலந்தாழ்த்தாது செய்த தகுந்த தீர்மானம். இரண்டாவது, அருகிருந்த மூத்த விமானியின் அடக்கம். ஓட்டியவர் அவ்வகை விமானத்திற் பயிற்சி பெறுபவர். மூத்தவர் அவரை மேற்பார்வை செய்பவர். எல்லை கடந்தபின் நிறுத்துவது விதிக்கு மாறாகத் தோன்றியும், மூத்தவர் இடைமறித்துப் பிடியைக் கைப்பற்றவில்லை. வகுத்த நடைமுறைப்படி துணைநின்றார். இருவரும் எதிரெதிராய் முயன்றிருப்பின் விளைவு வேறாயிருக்கும். மூன்றாவது, ஓடுபாதைக்கு அப்பால் ஏறக்குறைய 1,000 அடிக்குத் திருத்தி வைக்கப்பட்டிருந்த தடையற்ற நிலம். அது சில ஆண்டுகளுக்கு முன்னரே, என்றோ வரக்கூடிய ஓர் ஆபத்தை எண்ணி அமைக்கப்பட்டது.

அவ்விமானி விதியை இகழ்ந்தவரல்லர். அது எதன்பொருட்டு அமைந்தது என்பதை அறிந்தவர். பறக்கக்கூடிய விமானத்தைப் பறக்கவிடுக என்பதே விதியின் கருத்து. பறக்க இயலாதென்று தெளிந்த கணத்தில், உயிர்காக்கும் அதே நோக்கம் நிறுத்துக என்றது. விதியை மனனஞ் செய்யும் மாணவர் அதன் காரணத்தையும் உடன் கற்றல் வேண்டும். ஆராய்ந்து பார்க்க நேரமில்லாத வேளையில் துணைநிற்பது அவ்வறிவேயாம்.