மரங்களுக்கிடையே ஒரு வட்டு

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கு நாங்கள் தவறாமல் கூறும் அறிவுரை, நாள்தோறும் நடக்க வேண்டும் என்பதே. ஆனால் மொட்டைமாடியில் ஒரே சுற்றில் நடப்பது பத்தாம் நாளே சலித்துவிடுகிறது. நடக்கிறோம் என்ற நினைவே எழாமல் நடக்கவைக்கும் ஓர் ஆட்டத்தை இவ்விதழில் அறிமுகம் செய்கிறோம்.

அதன் பெயர் டிஸ்க் கோல்ஃப். பிள்ளைகள் எறிந்து விளையாடும் ஃபிரிஸ்பீ போன்ற வட்டுதான் கருவி. தொலைவில் உள்ள இலக்கை நோக்கி வட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்துக்கு நடந்து சென்று, அங்கிருந்து மீண்டும் எறிய வேண்டும். குறைந்த எறிதல்களில் இலக்கைத் தொடுபவர் வெற்றி பெறுவார். இதற்கான முதல் நிலையான திடலை எட் ஹெட்ரிக் என்பவர் 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓக் குரோவ் என்னும் மரங்கள் நிறைந்த பூங்காவில் அமைத்தார். முதலில் கம்பங்களே இலக்காக இருந்தன. சங்கிலிகள் தொங்கும் கூடை பின்னர்தான் வந்தது.

மேடும் பள்ளமும் மரங்களும் கொண்ட சிறிய திடலே நம்மவர்க்கு ஏற்றது. அங்கே தோள்வலிமை பெரிதாக உதவாது. வேகமாக எறிந்த வட்டு முதல் மரத்திலேயே மோதி நிற்கும். இரு மரங்களின் இடைவெளியைப் பார்த்து மெல்ல எறிந்தவர் முந்திச் செல்வார். மேட்டை நோக்கி எறிந்த வட்டு விரைவில் தளர்ந்து விழும். பள்ளத்தை நோக்கி எறிந்ததோ நெடுநேரம் மிதக்கும். அம்மியையே தூக்கும் ஆடிக் காற்றில் யார் எறிந்தாலும் கணக்குத் தப்பும்!

60 மீட்டர் தொலைவில் ஒன்றாக 9 இலக்குகள் வைத்தால், நேர்க்கோட்டிலேயே 540 மீட்டர் ஆகிறது. இலக்குகளுக்கிடையே நடப்பதும் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டரை நெருங்கும்.

மலைக்கோட்டை ஏறியவர்கள் அறிவார்கள்: ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வலிக்கும். இங்கும் அப்படியே. இதய நோயாளிகள் மேட்டில் மெதுவாக ஏற வேண்டும். நடந்தபடியே இயல்பாகப் பேச முடியாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். மூட்டுவலி உள்ளவர்கள் இறக்கத்தில் கைத்தடியுடன் சிற்றடி வைத்து இறங்குவது நல்லது. நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர்கள், அறுவை மருத்துவர் அனுமதிக்கும் வரை எறியவே கூடாது. அதுவரை எண்ணிக்கை எழுதும் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம். நீரிழிவு உள்ளோர் மூடிய காலணி அணிந்து, சிறிது சர்க்கரையும் கையில் வைத்திருந்து, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலியோ, திடீர் வியர்வையோ, தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே அமர்ந்து 108ஐ அழையுங்கள்.

கூடை இல்லையே என்று தயங்க வேண்டாம். பொன்மலையில் நிழல் தரும் வேப்பமரங்களுக்குக் குறைவில்லை. விளையாட அனுமதியுள்ள இடத்தில், அடிமரத்தில் துணி ஒன்றைக் கட்டினால் அதுவே இலக்கு. திருச்சி வெயிலை எண்ணிக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். புதருக்குள் விழுந்த வட்டைக் கையால் துழாவாமல், கோலால் தட்டிப் பார்த்து எடுங்கள்.

உடன் வரும் உறவினருக்கு ஒரு சொல். அப்பா எறிந்த வட்டை எடுத்துவர நீங்கள் ஓடாதீர்கள். அவ்விடம் வரை அவரே நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில் செல்லுங்கள். குனிவது அவருக்குக் கடினமானால், அதை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.