கல்லறையில்லாத் துக்கம்: கொலம்பியாவில் காணாமலாக்கப்பட்டோர்

ஒருவர் இறந்தால் அடக்கம் செய்கிறோம். சிறைப்பட்டால் சென்று காண்கிறோம். இவ்விரண்டிற்கும் இடமளிக்காத கொடுமை ஒன்று உண்டு. வீட்டிலிருந்தோ வழியிலிருந்தோ ஒருவர் கொண்டுபோகப்படுகிறார். கொண்டுபோனவர்கள் தாங்கள் ஒன்றும் அறியோம் என்கின்றனர். அதன்பின் அவர் உயிரோடிருப்போர் கணக்கிலும் இல்லை, இறந்தோர் கணக்கிலும் இல்லை. இதனையே ‘வலிந்து காணாமலாக்கப்படுதல்’ என்பர். தென் அமெரிக்க நாடாகிய கொலம்பியாவில் இக்குற்றம் எவ்வாறு வளர்ந்தது, தேடும் பணி எவ்வாறு நடைபெறுகிறது, மேய்ப்புப்பணியாளருக்கு இது எழுப்பும் வினாக்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. குற்றத்தின் இலக்கணம்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்று, 2010இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை, இக்குற்றத்தில் மூன்று கூறுகளைக் காட்டுகிறது. முதலாவது, ஒருவருடைய சுதந்தரம் பறிக்கப்படுதல். இரண்டாவது, அதனை அரசின் அலுவலரோ, அரசின் ஒப்புதலோ ஆதரவோ மௌன இசைவோ பெற்றவரோ செய்தல். மூன்றாவது, செய்ததை மறுத்தோ, அவருடைய கதியை மறைத்தோ, அவரைச் சட்டத்தின் பாதுகாப்புக்குப் புறம்பாக்குதல்.

இம்மூன்றாம் கூறே இதனைக் கொலையினின்று வேறுபடுத்துகிறது. கொலை ஒரு நாளில் முடிகிறது, மறைத்தலோ முடிவதில்லை. ஆகவே, கதி தெரியவரும் வரையில் குற்றம் தொடர்ந்து நடைபெறுவதாகவே சட்டம் கருதுகிறது. இவ்வுடன்படிக்கையில் இந்தியா 2007இல் கையொப்பமிட்டது. ஆயினும் அதனை உறுதிப்படுத்தவில்லை.

2. துணைப்படைகள் தோன்றிய விதம்

‘துணைப்படை’ என்றவுடன் நம் வாசகர் அரசிடம் ஊதியம் பெறும் காவற்படைகளை நினைக்கக்கூடும். கொலம்பியாவில் அச்சொல் தனியார் ஆயுதக் குழுக்களைக் குறிக்கும். கெரில்லாக்களை எதிர்ப்பதற்கென்று குடிமக்களுக்கு இராணுவம் ஆயுதம் வழங்கலாம் என 1965ஆம் ஆண்டின் ஆணையும், அதனை நிலைப்படுத்திய 1968ஆம் ஆண்டின் சட்டமும் வழிவகுத்தன. பெரும் பண்ணையாளரும், பின்னர் போதைப்பொருள் வணிகரும் இக்குழுக்களுக்குப் பணமளித்தனர். 1989இல் அச்சட்ட ஆதாரம் நீக்கப்பட்டது, குழுக்கள் நீங்கவில்லை. 1997இல் அவற்றுட் பல ‘கொலம்பிய ஐக்கியத் தற்காப்புப் படைகள்’ என்னும் பெயரில் ஒன்றிணைந்தன. 2003 முதல் 2006 வரை 30,000க்கும் மேற்பட்டோர் படைகலைப்பில் சேர்ந்தனர். எனினும், சிலர் வேறு பெயர்களில் மீண்டும் ஆயுதமேந்தினர்.

இவர்களுடைய செயல்முறைக்கு ஒரு சான்று போதும். 1987 அக்டோபரில் மக்தலேனா ஆற்றுப் பகுதியின் வழியாகச் சரக்குடன் பயணஞ்செய்த வணிகர் 17 பேரைத் துணைப்படையினர் பிடித்துக் கொன்று, உடல்களைச் சிதைத்து நீரில் எறிந்தனர். சுமார் பதினைந்து நாட்களுக்குப்பின் அவர்களைத் தேடிச்சென்ற உறவினர் இருவரும் அவ்வாறே மறைந்தனர். அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2004இல் இவ்வழக்கில் கொலம்பிய அரசைப் பொறுப்பாக்கியது. தேடுவதே குற்றமாக எண்ணப்பட்ட நிலையை இதனால் அறிகிறோம்.

3. மறைத்ததன் நோக்கம்

கொன்றவர்கள் உடலை ஏன் மறைக்கவேண்டும்? உடல் இல்லையெனில் வழக்கு நிலைப்பதரிது. அயலார் அஞ்சி வாயடைப்பர். அஞ்சியவர் நிலத்தை விட்டகல்வர். மற்றொரு காரணமும் உண்டு. உடல்கள் கிடைத்தால் அப்பகுதியின் கொலைக்கணக்கு உயரும். இராணுவ, காவல் அதிகாரிகள் அதற்கு விடைகூற நேரும். இக்கணக்கு உயராதிருக்கவே உடல்களை மறைக்கும்படி கட்டளை பிறந்தது என்று துணைப்படைத் தலைவராயிருந்த சல்வத்தோரே மன்குசோ வாக்குமூலம் அளித்துள்ளார். வெனிசுவேலா எல்லையருகே ஹுவான் பிரியோ என்னுமிடத்தில் செங்கற்சூளை போன்ற அடுப்புகளில் உடல்கள் எரிக்கப்பட்டதும் இத்தகைய வாக்குமூலங்களால் வெளிப்பட்டது.

இயேசு சபைக் குருவாகிய பிரான்சிஸ்கோ தெ ரூ தலைமையேற்ற உண்மை ஆணைக்குழு, 2022இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. 1985 முதல் 2016 வரை காணாமலாக்கப்பட்டோர் 1,21,768 பேர் என அது மதிப்பிட்டது. இவர்களுள் ஏறத்தாழ 52 விழுக்காட்டிற்குத் துணைப்படைகளும், 24 விழுக்காட்டிற்குப் பார்க் கெரில்லாக்களும் பொறுப்பு என்றது. வரலாற்று நினைவுக்கான தேசிய மையமோ 1970 முதல் 2015 வரை 60,630 பேரைக் கணக்கிட்டிருந்தது. மறைப்பதையே இயல்பாகக் கொண்ட குற்றத்தில் எண்ணிக்கைகள் இவ்வாறு வேறுபடுவதில் வியப்பில்லை.

4. ஒரு பங்குக்குருவின் முடிவு

காவ்கா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள த்ருஹில்யோ வட்டாரத்தில் 1986 முதல் 1994 வரை நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர். போதைப்பொருள் வணிகரும் அரசுப் படையினர் சிலரும் கூடிச்செய்த கொடுமை இது. உழவர்களுக்குக் கூட்டுறவு அமைப்புகளை உருவாக்கிய பங்குக்குரு திபேரியோ பெர்னாண்டஸ் மாப்லா, அநீதியைத் திருப்பலிப் பீடத்திலிருந்து கண்டித்தார். 1990 ஏப்ரல் 17 அன்று, நண்பரொருவரின் அடக்க ஆராதனைக்குச் சென்று திரும்புகையில், தம்முடன் வந்த மூவரோடு அவர் கடத்தப்பட்டார். சில நாட்களில் அவருடைய தலையற்ற உடல் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. 1995 ஜனவரியில் குடியரசுத் தலைவர் எர்னெஸ்தோ சாம்பெர் இக்கொடுமையில் அரசின் பொறுப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயினும், ஒப்புதல் வேறு, உடல்களைக் கண்டடைதல் வேறு.

5. தேடும் பணி

கொலம்பியா இக்குற்றத்தை 2000ஆம் ஆண்டில் தனிச்சட்டத்தால் தண்டனைக்குரியதாக்கியது. 2012ஆம் ஆண்டின் சட்டமொன்று நம் கவனத்திற்குரியது. அதன்படி, காணாமலாக்கப்பட்டவரை இறந்தவரென்று அறிவிக்காமலே, ‘காணாமலாக்கப்பட்டதால் இல்லாதிருப்பவர்’ என நீதிமன்றம் அறிவிக்கலாம். குடும்பத்தார் அவருடைய சொத்தை நிருவகிக்கலாம்; ஆனால் மரணத்திற்குக் கையொப்பமிடவேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டின் சமாதான ஒப்பந்தத்தின் விளைவாகக் காணாமற்போனோரைத் தேடும் தனி அமைப்பு நிறுவப்பட்டது. இது நீதிமன்றமன்று. புதைகுழியைக் காட்டுவோர் அதனிடம் கூறுவது இரகசியமாகக் காக்கப்படும். அவர்களைத் தண்டிக்கப் பயன்படாது. உண்மைக்காக நீதியை ஒத்திவைப்பதா என்று கேட்போர் உண்டு. தண்டனை வழங்கும் பொறுப்பு வேறு நீதிமன்றங்களுக்கு உண்டு. எலும்புகளோ ஆண்டுதோறும் அழிகின்றன என்பதே இதற்குரிய விடை.

மெடெலின் நகரின் மேற்பகுதியில் 2002 அக்டோபரில் நடந்த இராணுவ நடவடிக்கைக்குப்பின் பலர் காணாமற்போயினர். அவர்கள் ‘எஸ்கொம்பிரேரா’ என்னும் இடிபாட்டு மேட்டில் புதைக்கப்பட்டனர் என்று தாய்மார் இடைவிடாது கூறிவந்தனர். அதன்மேல் லாரி லாரியாக இடிபாடுகள் கொட்டப்பட்டன. 2024 டிசம்பரில் அங்கு முதன்முறையாக மனித எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. தாய்மார் கூறியது இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து மெய்யாயிற்று.

மக்தலேனா கரையிலுள்ள புவெர்த்தோ பெரியோ நகரத்தார், ஆற்றில் மிதந்துவந்த பெயரறியா உடல்களை அடக்கஞ்செய்து, ஒவ்வொருவரும் ஒரு கல்லறையைத் தமதாக்கிக்கொண்டனர். வர்ணம் பூசி, மலர் வைத்து, பெயருமிட்டனர். மரித்தோர் ஆன்மாக்களிடம் வரம் கேட்கும் அவர்கள் வழக்கத்தை நம் இறையியல் ஏற்காது. ஆயினும் அவர்கள் காட்டிய இரக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அதேவேளையில், புதுப்பெயரும் புதுவர்ணமும் பழைய குறிப்புகளை மறைத்ததால், உண்மையான குடும்பத்தாரைக் கண்டறிவது கடினமாயிற்று. இரக்கத்தோடு பதிவேடும் வேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

6. மேய்ப்புப்பணிக்குச் சில சிந்தனைகள்

ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் யாக்கோபிடம் உடல் கொண்டுவரப்படவில்லை. இரத்தந்தோய்ந்த அங்கியே கொண்டுவரப்பட்டது. ஆறுதல் சொல்லவந்த பிள்ளைகளுள் உண்மையை அறிந்தவர்களும் இருந்தனர். யாக்கோபு ஆறுதலடைய மறுத்ததை விசுவாசக் குறைவென்று விளக்குவோர் இதைக் கருதவேண்டும். உண்மையை மறைத்துக் கூறப்படும் ஆறுதல் பொய்க்கு உடந்தையாகிறது.

2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள் கன்மலையின்மேல் இரட்டை விரித்து, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் உடல்களை அணுகவொட்டாமல் காத்தாள். அவள் மன்னனிடம் முறையிட்டதாக அங்குக் கூறப்படவில்லை. ஆயினும் அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்பட்டது, எலும்புகள் சேர்க்கப்பட்டன. ஆளுகிறவன் செய்யவேண்டியதை ஒரு தாயின் விழிப்பு நினைவூட்டிற்று.

இவற்றிலிருந்து போதகர் மூன்று கடமைகளைக் கற்கலாம். குடும்பத்தார் தாமே வேண்டும் வரை, உடலில்லாத அடக்க ஆராதனைக்கு அவர்களைத் தூண்டலாகாது. பொதுமன்றாட்டில் காணாமற்போனவரை மரித்தோர் வரிசையில் சேர்க்காமல், பெயர் சொல்லி ஜெபிக்கவேண்டும். எவர், எந்நாள், எவ்விடத்தில், யார் கண்முன் கொண்டுபோகப்பட்டார் என்பதைச் சபையில் எழுதிவைக்கவேண்டும். பிற்காலத்தில் தேடுவோருக்கு அவ்வேடு வழிகாட்டக்கூடும். ‘இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது?’ என்று ஒரு தாய் கேட்கும்போது, காலவரையறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவளோடு காத்திருக்கும் கடமை மட்டும் உண்டு.